திருமலைக்கு (திருகோணமலைக்கு) படிக்க வந்தவர்களுக்கு: எந்தச் சங்கத்தில் சேர்வது, எந்தத் தொண்டுக்குப் போவது

வந்த முதல் கிழமைக்குள்ளேயே உங்கள் போனில் வட்ஸ்அப் குழுக்கள் நிரம்பிவிடும். பெட்ச் குழு, விடுதிக் குழு, பீடத்துக்கு ஒன்று, சமயத்துக்கு ஒன்று, அப்புறம் தமிழ்ச் சங்கம், நாடகம், விளையாட்டு, ரோட்டரக்ட், லியோ என்று ஒவ்வொரு அண்ணாவும் அக்காவும் வந்து பெயர் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டாதீர்கள். முதல் செமஸ்டருக்கு இரண்டு போதும். ஒன்று உங்கள் மனசுக்குப் பிடித்ததாக இருக்கட்டும், பாட்டோ கிரிக்கெட்டோ மேடைப் பேச்சோ. மற்றது உங்களை வளாகத்தின் கேற்றுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போவதாக இருக்கட்டும்.

இந்த இரண்டாவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் 2001இலிருந்து இருக்கிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், குருநாகல் என்று எங்கெங்கோ இருந்து பிள்ளைகள் வந்து, நிலாவெளி வீதியில் நாலு வருசம் இருந்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊருக்கு பஸ் ஏறி, ஞாயிறு இரவு திரும்பி வந்து, கடைசியில் பட்டமும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சல்லிக் கடற்கரையில் யார் வீட்டில் என்ன பாடு என்று தெரியாமலே போகிறவர்கள்தான் கூட. ஊர்ச் சனங்களுக்கும் ஒரு சலிப்பு இருக்கிறது. பேனரோடு வருவார்கள், ஒரு மணித்தியாலம் நிற்பார்கள், போட்டோ எடுப்பார்கள், போவார்கள் என்று அவர்களுக்குப் பழகிவிட்டது. ஆகவே எதைச் செய்வதற்கு முன்னும் அங்கே போய் என்ன தேவை என்று கேளுங்கள். கீழே எழுதியிருக்கும் ஒவ்வொன்றிலும் யாரிடம் போய்க் கேட்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஒரு சங்கம் பதிவு செய்யப்பட்டதா, அதற்குச் சிரேஷ்ட பொருளாளராக ஒரு விரிவுரையாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் காசுக் கணக்கு ஒழுங்காகப் போகும், மண்டபம் எடுப்பது, பஸ் கேட்பது எல்லாம் சுலபம். இல்லாவிட்டால் அது நாலு நண்பர்களின் குழு. அதில் தவறில்லை, ஆனால் அவர்கள் பெயரில் வெளியே காசு சேர்க்கப் போகாதீர்கள்.

அடுத்தது, கட்டாயப்படுத்தி அழைத்துப் போகும் எதுவும் சமூக நிகழ்வு கிடையாது. "ஜூனியர் எல்லாரும் வர வேண்டும், வராதவர்களின் பெயர் எழுதப்படும்" என்று சொன்னால் அது பகிடிவதையின் (ராகிங்) வாசல்தான். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கி இருக்கிறது, சிறைத்தண்டனை வரைக்கும் போகும். சிரமதானம் என்ற பெயரில் வெயிலில் நிற்கவைப்பதும் அதே கணக்குத்தான். மாணவ ஆலோசகரிடம் சொல்லுங்கள், தனியாகப் போகப் பயமாக இருந்தால் இரண்டு பேராகப் போங்கள். தொண்டுக்கு வந்த பிள்ளை மனம் நொந்து திரும்பிப் போவதைப்போல் எனக்கு ஆத்திரம் வரும் விசயம் வேறில்லை.

வரவு விசயமும் இருக்கிறது. பொதுவாக 80 வீத வரவு கேட்பார்கள். சங்க வேலைக்காக விரிவுரையை விடுவதென்றால் முதலே கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். பிறகு போய்க் கெஞ்சினால் எல்லா சேர்மாரும் மிஸ்மாரும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள்.

இந்த ஊரின் நாட்காட்டி வேறு

கொழும்பிலோ காலியிலோ இருந்து ஒரு திட்டத்தை எடுத்து இங்கே போட்டால் சரிவராது. இங்கே வருசம் இரண்டாகப் பிரியும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும் வெயில், மே மாதத்துக்குப் பிறகு கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) சுடச்சுட வீசும், ஆனால் கடல் அமைதி, உல்லாசப் பயணிகள் நிலாவெளி, உப்புவெளி எல்லாம் நிறைந்திருப்பார்கள். ஐப்பசியில் மழை தொடங்கும், கார்த்திகை மார்கழியில் கொட்டும், வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும். கடல் சம்பந்தமான வேலை, வெளியூர்ப் பயணம், விளையாட்டுப் போட்டி எல்லாவற்றையும் முதல் பாதியில் போடுங்கள். டெங்கு, வெள்ளம், நிவாரணம் இரண்டாம் பாதிக்கு. படிப்பித்தல் வருசம் முழுக்க. இதைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டு அதற்குமேல் பரீட்சைத் திகதிகளை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு மிச்சமிருக்கும் நாட்கள் எவை என்று தெரிந்துவிடும்.

கடற்கரைச் சுத்தம், ஒழுங்காகச் செய்வதென்றால்

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். செப்டெம்பர் மூன்றாவது சனிக்கிழமை சர்வதேசக் கரையோரத் தூய்மை தினம் என்பதால் அன்றைக்கு எல்லாச் சங்கமும் நிலாவெளிக்கு ஓடும். ஹோட்டல்களுக்கு முன்னால் இருக்கும் கரையை அவர்கள் ஏற்கெனவே கூட்டி வைத்திருப்பார்கள், அங்கே போய்க் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பதில் பயன் குறைவு. மீனவர் வாடிகள் (கரையோரக் குடில்கள்) இருக்கும் பக்கம், ஆற்று முகத்துவாரம், டவுனிலிருந்து கடலுக்கு வரும் கால்வாய்கள், இவற்றைப் பாருங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் கால்வாயில் கிடக்கும் அத்தனையும் கடலுக்குள் போகும். செப்டெம்பரில் ஒரு கால்வாயைத் துப்புரவாக்கினால் நவம்பரில் கடற்கரையில் பொறுக்கவேண்டியது குறையும்.

கரைவலை இழுக்கும் இடமென்றால் முதல்நாளே போய்க் கேட்க வேண்டும். விடிய வலை வளைத்து விட்டிருப்பார்கள், கயிறு இரண்டு பக்கமும் நீளமாகக் கரைக்கு வந்திருக்கும், இருபது முப்பது பேர் இழுத்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் நாற்பது பேர் ஒரே நிற ரீசேட்டோடு நடுவில் போய் நின்றால் தொழில் கெடும். வாடியில் மூத்தவர் யார் என்று விசாரித்து, "ஐயா, எத்தனை மணிக்கு வந்தால் உங்களுக்கு இடைஞ்சல் இல்லை?" என்று கேளுங்கள். பெரும்பாலும் வலை ஏறி மீன் பிரித்த பிறகு வரச் சொல்வார்கள். கொஞ்சம் முந்திப் போனால் கயிற்றில் கை வைக்கவும் கூப்பிடுவார்கள், போய் இழுங்கள், அதற்குப் பிறகு உங்களை அவர்கள் மறக்க மாட்டார்கள். எது குப்பை, எது காயப்போட்ட வலை என்று காட்டித்தருவதும் அவர்கள்தான். மணலில் பாதி புதைந்து கிடக்கும் நைலோன் வலையைக் கண்டதும் இழுக்காதீர்கள், அறுந்து மிச்சம் உள்ளேயே கிடக்கும், கையையும் வெட்டும். சுற்றி மண்ணைத் தோண்டி, கத்தியால் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும்.

பைக்குப் பதிலாகப் பழைய உரச்சாக்கு கொண்டுபோங்கள். கறுப்பு பொலித்தீன் பை கிளிஞ்சல் பட்டாலே கிழியும், அதுவும் இன்னொரு குப்பை. தடித்த கையுறை, கண்ணாடித் துண்டுக்கு ஒரு வாளி, தொப்பி, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் (வீட்டிலிருந்து நிரப்பியது). காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், ஒன்பதரைக்கு மேல் மணல் சுடும், பிள்ளைகள் மயங்குவார்கள். சேர்ந்ததைப் பிளாஸ்டிக் போத்தல், கண்ணாடி, வலையும் கயிறும், மற்றது என்று பிரித்து நிறுத்துப் பாருங்கள், எழுதி வையுங்கள். மிக முக்கியம்: குப்பையை யார் ஏற்றுவது? அந்த இடத்துக்குரிய பிரதேச சபையில் முதலே கடிதம் கொடுத்து உழவு இயந்திரம் வரும் நேரத்தை உறுதி செய்யாமல் ஒருவரும் கரைக்கு இறங்க வேண்டாம். கட்டி அடுக்கிவிட்டுப் போன சாக்குகளை இரவு நாய் கிழித்து, விடிய எல்லாம் மறுபடி மணலில் கிடக்கும். கரையோரத் தூய்மை வேலைகளுக்குக் கடல் சூழல் பாதுகாப்பு அதிகார சபையையும் கேட்கலாம்.

புறாத்தீவைப் பற்றிப் பலர் கேட்பார்கள். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர், 2003இலிருந்து தேசிய பூங்கா, அதனால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கே ஒரு தொண்டும் செய்ய முடியாது. முருகைக்கல் (பவளப்பாறை) உயிருள்ளது, கால் வைத்தால் உடையும், உடைந்தது மறுபடி வளர வருசக்கணக்கில் ஆகும். நீந்தத் தெரியாத ஐம்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கடலடி சுத்தம் செய்கிறோம் என்றால் முருகைக்கல்லுக்கும் கேடு, பிள்ளைகளுக்கும் ஆபத்து. நீந்தத் தெரிந்த நாலைந்து பேர் திணைக்களத்தோடு சேர்ந்து போகட்டும். மற்றவர்கள் நிலாவெளியில் படகு ஏறும் இடத்தில் நின்று, தீவுக்குப் போகிறவர்களிடம் பிளாஸ்டிக் கொண்டுபோக வேண்டாம், கல்லில் ஏறி நிற்க வேண்டாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் சொன்னாலே பெரிய வேலை.

இரத்ததானம்: திகதியை நீங்கள் தீர்மானிக்காதீர்கள்

வழக்கமாக எப்படி நடக்கிறது? பெட்சின் நிறைவு நாள், அல்லது சங்கத்தின் ஆண்டு விழா, அன்றைக்கு ஒரு முகாம். அதே மாதத்தில் இன்னும் மூன்று இடத்தில் முகாம் நடந்திருக்கும். செங்குருதிக் கலங்களை ஐந்து ஆறு கிழமைக்கு மேல் வைத்திருக்க முடியாது, குருதிச் சிறுதட்டுக்கள் ஐந்து நாள்தான். ஒரே நேரத்தில் வந்து குவிந்தால் பிறகு இல்லாமல் போகும் நாட்களும் வரும். ஆகவே முதல் வேலை, திருகோணமலை ஆஸ்பத்திரியின் இரத்த வங்கிக்கு இரண்டு பேர் நேரில் போய், "எந்த மாதம் உங்களுக்குத் தட்டுப்பாடு, எத்தனை பேர் வேண்டும்?" என்று கேட்பது. அவர்கள் சொல்லும் திகதிக்கு உங்கள் விழாவை மாற்றுங்கள்.

வயது 18க்கு மேல் 60க்குள், எடை 50 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12க்கு மேல், கடைசியாகக் கொடுத்து நாலு மாதம் கழிந்திருக்க வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். கிட்டடியில் பச்சை குத்தியவர்கள், மருந்து எடுப்பவர்கள் முதலே கேட்டுக்கொள்ளட்டும். பெண் பிள்ளைகளில் பலர் ஹீமோகுளோபின் காணாமல் திருப்பி அனுப்பப்படுவார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, அன்றைக்கே டொக்டரிடம் இரும்புச்சத்து மாத்திரை பற்றிக் கேட்டுவிட்டு, முருங்கையிலையும் கீரையும் சாப்பிட்டு, அடுத்த முகாமுக்கு வாருங்கள். இன்றைக்குப் பதிவு மேசையில் இருக்கலாம், பிளேன்டீ ஊற்றலாம், வேலைக்கா பஞ்சம்?

இடத்தைப் பொறுத்தவரை அவர்கள் கேட்பது எளிய விசயங்கள். காற்றோட்டமான மண்டபம், மின்விசிறி, ஓடும் தண்ணீர், மலசலகூடம், கட்டில் போட இடம், கொடுத்து முடித்தவர் கால் நீட்டிப் படுக்க ஒரு மூலை. மயக்கம் வருவது பெரும்பாலும் காலையில் சாப்பிடாமல் வந்தவர்களுக்குத்தான். விடுதிப் பிள்ளைகள் ஞாயிறு காலை எட்டுமணிக்கு எழும்பி நேரே வந்து நிற்பார்கள். வரிசையில் நிற்கும்போதே "என்ன சாப்பிட்டீங்க?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டு போகட்டும், ஒன்றுமில்லை என்றால் கையில் ஒரு பணிஸும் பெரிய குவளைத் தண்ணீரும் கொடுத்து அரை மணித்தியாலம் உட்கார வையுங்கள். எடுப்பது ஏறத்தாழ 450 மில்லிலீற்றர். முடிந்ததும் துள்ளி எழும்பி மோட்டார்சைக்கிளில் ஏறுகிற பெடியன்களைக் கையைப் பிடித்து உட்கார வைப்பதற்கென்றே ஒரு ஆள் வேண்டும். நோன்பு மாதத்தில் பகலில் முகாம் வைக்காதீர்கள், பரீட்சைக்கு முந்திய கிழமையிலும் வேண்டாம்.

மழைக்காலம்

2017இல் நாடு முழுக்க டெங்கு பரவியபோது கிண்ணியா பட்ட பாடு இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அந்த வருசம் நாட்டில் பதிவான நோயாளிகள் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் வரைக்கும் ஒரு கிழமை, பத்து நாள்தான். ஆகவே வருசத்துக்கு ஒருமுறை பெரிய ஊர்வலம் வைப்பதைவிட, மழை மாதங்களில் ஒவ்வொரு ஞாயிறும் அரை மணித்தியாலம் பத்துப் பேர் சுற்றிவருவது மேல். விடுதியிலிருந்தே தொடங்குங்கள். கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு, கன்டீனுக்குப் பின்பக்கம் கிடக்கும் யோகட் கோப்பை, சிரட்டை, குரும்பைக் கோம்பை, யாரோ விட்டுப்போன டயர். பிறகு பக்கத்துக் கிராமத்துக்குப் போவதென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு (பி.எச்.ஐ.) போங்கள், தனியாக யார் வீட்டு வளவுக்குள்ளும் நுழைய வேண்டாம். பி.எச்.ஐ. ஐயாவுக்கு எந்த ஒழுங்கையில் காய்ச்சல் என்று தெரியும், உங்களுக்குத் தெரியாது.

வெள்ளம் வேறு கதை. மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற மாவட்டம் இது, மலைநாட்டில் பெய்த மழை மூதூர், வெருகல் பக்கம் வந்து சேரும்போது இங்கே வெயிலாகவும் இருக்கலாம். செய்தி கேட்டதும் கையில் கிடைத்ததை லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடாதீர்கள். கிராம சேவகருக்கு, இல்லாவிட்டால் பிரதேச செயலகத்துக்கு அழைத்து எத்தனை குடும்பம், எந்தப் பாடசாலையில் தங்கியிருக்கிறார்கள், ஏற்கெனவே என்ன போய்ச் சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. வீதிக்குப் பக்கத்து முகாமுக்கு மூன்று நேரமும் சோற்றுப் பார்சல் குவியும், ஆறு கடந்து உள்ளே இருப்பவர்களுக்குப் பாணும் போய்ச் சேராது. இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் போதாது. பழைய உடுப்பு மூட்டை அனுப்புவதை நிறுத்துங்கள், பாதி கிழிந்தது, மழையில் நனைந்து நாறும். குடிதண்ணீர், பாய், நுளம்பு வலை, பால்மா, சவர்க்காரம், குழந்தைகளுக்குப் பம்பர்ஸ், பெண்களுக்கு நெப்கின், புதிய உள்ளாடை. கடைசி இரண்டையும் பெண் பிள்ளைகள் தனியாகக் கொண்டுபோய்ப் பெண்களிடம் கொடுங்கள், ஆண்கள் வரிசையில் வைத்துக் கொடுக்கும் சாமான் இல்லை அது.

தண்ணீர் வடிந்த பிறகுதான் உடம்பு உழைப்பு உண்மையில் தேவை, அப்போதுதான் தொண்டர்களும் குறைந்துவிடுவார்கள். வீட்டுக்குள் முழங்கால் சேறு, கிணறு முழுக்க அழுக்குத் தண்ணீர். சேற்றில் இறங்க முன் எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்து வேண்டுமா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள், காலில் புண் இருப்பவர்கள் இறங்கவே வேண்டாம், பூட்ஸ் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். கிணறு இறைப்பதும் குளோரின் போடுவதும் பி.எச்.ஐ. சொல்படி. மணற்பாங்கான நிலத்தில் பம்ப் போட்டு அவசரமாக இறைத்தால் கிணற்றுச் சுவரே சரியும். பிள்ளைகளின் கொப்பி, புத்தகம், சீருடை எத்தனை பேருக்குப் போயிற்று என்று ஒரு பட்டியல் எடுத்து, அதை அதிபரிடம் சரிபார்த்து, ஒரு மாதம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். எல்லாரும் வந்து போன பிறகு வருகிற உதவி அது.

கோயில், பள்ளிவாசல், விகாரை, விழாக்கள்

சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், அதற்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் டவுனே நிறைகுடமும் கோலமுமாக இருக்கும். கூட்டம் ஒழுங்குபடுத்த, முதியவர்களைக் கைபிடித்து ஏற்ற, தாகசாந்தி நிலையத்தில் மோர் ஊற்ற எப்போதும் ஆள் தேவை. கோயில் அலுவலகத்தில் முதலே பெயர் கொடுங்கள். கோயில் இருக்கும் கோட்டைக்குள் மான்கள் திரிகின்றன, அவை சோறு சுற்றும் லஞ்ச்சீட்டையும் பொலித்தீனையும் தின்றுவிடும். ஆகவே அங்கே அன்னதானம் என்றால் வாழையிலை அல்லது கழுவிப் பாவிக்கும் தட்டு, இரண்டில் ஒன்று. முடியாதென்றால் அன்னதானத்தை வேறிடத்தில் வையுங்கள்.

கதிர்காமப் பாத யாத்திரைக்காரர்கள் வடக்கிலிருந்து வந்து இந்த ஊரைத் தாண்டித்தான் மட்டக்களப்புப் பக்கம் போவார்கள். வெறுங்காலோடு நடந்து வருபவர்களின் பாதத்தைப் பார்த்தால் தெரியும், வெடிப்பும் கொப்புளமும். வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகள், உங்கள் டொக்டர்மாரின் மேற்பார்வையில் வெந்நீரும் மருந்தெண்ணெயும் சுத்தமான துணியும் வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் உட்காருங்கள். படிப்புக்கும் நல்லது, வந்தவர்களுக்கும் ஆறுதல்.

வளாகத்துக்குள் பொங்கல், வாணி விழா, இப்தார், வெசாக், ஒளிவிழா எல்லாம் நடக்கும். தங்கள் விழாவைத் தாங்களே நடத்தித் தாங்களே சாப்பிட்டுப் போவதில் என்ன இருக்கிறது? இப்தாருக்குக் கஞ்சி காய்ச்சும்போது தமிழ், சிங்களப் பிள்ளைகள் போய்த் தேங்காய் துருவட்டும், வெசாக் தன்சலில் (இலவச உணவுப் பந்தலில்) எல்லாரும் நின்று பரிமாறட்டும், பொங்கலன்று விறகு தூக்க முஸ்லிம் பெடியன்களைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் வருவார்கள், கூப்பிடுவதில்லை என்பதுதான் குறை. சாப்பாட்டு விசயத்தில் கவனம்: எல்லாருக்கும் பொதுவான நிகழ்வென்றால் மரக்கறி மட்டும் சமைத்துவிடுவது நிம்மதி. இறைச்சி வைப்பதென்றால் ஹலால் கடையில் வாங்கி, மரக்கறிக்குக் கிடாரமும் அகப்பையும் வேறாக வைத்து, எது எது என்று மூன்று மொழியிலும் எழுதி வையுங்கள்.

படிப்பித்தலும் எழுதிக் கொடுத்தலும்

என்னைக் கேட்டால் ஒரு மாணவரால் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இதுதான், போட்டோவும் கிடைக்காது, கைதட்டலும் கிடைக்காது. குச்சவெளி, மூதூர், வெருகல் பக்கப் பாடசாலைகளில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கப் போகும் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்க ஆள் காணாது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு மூதூர்ப் பக்கம் பஸ்ஸில் போய்வருவது எவ்வளவோ சுலபமாகிவிட்டது. நாலு பேர் சேருங்கள், சனிக்கிழமை காலை மட்டும், ஒரு தவணை முழுக்க. அதிபரைச் சந்தித்து, வலயக் கல்வி அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு நாள் கருத்தரங்கு வைத்து ஆயிரம் கேள்வி உள்ள புத்தகம் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பின்னத்தில் தடுமாறுகிற பிள்ளைக்குப் பின்னத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்க ஒரே முகம் ஒவ்வொரு கிழமையும் வர வேண்டும். வர முடியாத கிழமையை முதலே சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளை கேற்றில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

சிறுவர் இல்லங்களுக்குப் போவது பற்றியும் சொல்ல வேண்டும். பிறந்தநாள் கேக்கைக் கொண்டுபோய் அங்கே வெட்டி, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்து முகநூலில் போடுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பிள்ளைகள் யாருடைய பக்கத்துக்கும் அலங்காரம் இல்லை. போக விரும்பினால் நிர்வாகத்திடமும் நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்திடமும் கேட்டு, வீட்டுப்பாடத்துக்கு உதவ, விளையாட, தொடர்ந்து போங்கள். எப்போதும் இரண்டு பேராக, ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்காமல், படம் எடுக்காமல்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. இங்கே தமிழ்க் குடும்பங்களுக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வரும், வயசான அம்மாக்கள் அதை மடியில் கட்டிக்கொண்டு யாரிடம் வாசிப்பிப்பது என்று அலைவார்கள். உங்கள் பெட்சில் சிங்களமும் தமிழும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு கிராமத்து வாசிகசாலையில் மேசை போட்டு, ஒரு தமிழ்ப் பிள்ளையும் ஒரு சிங்களப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கடிதம் வாசித்துச் சொல்லுங்கள், படிவம் நிரப்பிக் கொடுங்கள். கையெழுத்து அவர்கள் போடட்டும், அடையாள அட்டை இலக்கத்தை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள், வங்கி விசயத்தில் கை வைக்காதீர்கள். செலவு இரண்டு பேனையும் பஸ் காசும்தான்.

நீங்களே ஒன்றை நடத்துவதென்றால்

இரண்டு கிழமைக்கு முன் கடிதம் கொடுங்கள், சிரேஷ்ட பொருளாளரின் கையெழுத்தோடு. ஒலிபெருக்கி போடுவதென்றால் பொலிஸ் அனுமதி வேண்டும். கடைகளில் காசு சேர்க்கப் போகும்போது பற்றுச்சீட்டுப் புத்தகம் இல்லாமல் போகாதீர்கள். மத்திய வீதிக் கடைக்காரர்களிடம் மாதம் முழுக்க யாராவது கடிதத்தோடு வந்துகொண்டே இருப்பார்கள், அவர்கள் மறுபடியும் உங்களுக்குத் தருவது போன தடவைக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டினால்தான். நிகழ்வு முடிந்து ஒரு கிழமைக்குள் வரவு செலவை அறிவித்தல் பலகையிலும் குழுவிலும் போட்டுவிடுங்கள், மிச்சம் ஐம்பது ரூபாய் என்றாலும்.

பெண் பிள்ளைகள் எப்படித் திரும்பிப் போவார்கள் என்பதை நிகழ்ச்சி நிரலுக்கு முன்னால் தீர்மானியுங்கள். நிலாவெளி வீதியில் இருட்டிய பிறகு பஸ் குறைவு. ஆறு மணிக்கு முடியும் என்று போட்ட நிகழ்வு எட்டுக்குத்தான் முடியும், எல்லாருக்கும் தெரியும், ஆகவே வேன் ஒன்றைப் பேசி வைத்துவிட்டுத் தொடங்குங்கள், அல்லது பின்னேரம் நாலு மணிக்கே முடியுங்கள். பெட்ச் பயணமாகக் கடலுக்கோ கன்னியாவுக்கோ போவதும் நல்ல விசயந்தான். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணற்றடியில் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு வந்த குடும்பங்கள் இருக்கும், அவர்களுக்குப் பக்கத்தில் நின்று பாட்டுப் போடாதீர்கள். கடலில் யார் இறங்குகிறார்கள், யாருக்கு நீந்தத் தெரியும் என்று பெயர் பெயராக எழுதி, கரையில் நின்று தலை எண்ணுவதற்கு இரண்டு பேரை வையுங்கள். அந்த இரண்டு பேரும் அன்றைக்குக் குளிக்கக் கூடாது. வாடைக் காலத்தில் இறங்கவே வேண்டாம், மீன்காரர் படகு இறக்காத நாளில் நீங்கள் எதற்கு? அவசர அம்புலன்சுக்கு 1990.

சான்றிதழ் கேட்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். தாராளமாகக் கேளுங்கள், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உதவும். திகதி, செய்த வேலை, மணித்தியாலம் மூன்றையும் ஒரு கொப்பியில் அன்றன்றைக்கே எழுதி, பொறுப்பானவரிடம் கையெழுத்து வாங்கி வைத்தால் நாலாம் வருசத்தில் அலைய வேண்டியதில்லை.

கடைசி வருசத்துக்கு வந்ததும் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். எந்த அதிபர், எந்த பி.எச்.ஐ., எந்த வாடி, இரத்த வங்கியில் யாரைக் கேட்பது, எந்தக் கடை என்ன கொடுத்தது, எந்தச் சனிக்கிழமை வகுப்பில் எந்தப் பாடம் வரை போயிற்று, எது சரிவரவில்லை, ஏன். உரச்சாக்கு எத்தனை, கையுறை எத்தனை சோடி, கிடாரம் யாரிடம் இரவல் வாங்கினது என்பதையும் எழுதுங்கள். கோப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது, இரண்டாம் வருசப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சுற்றி, ஒவ்வொருவரிடமும் நேரில் அறிமுகம் செய்துவிடுங்கள். "இனி இவர்தான் வருவார், ஐயா" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனால், அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளை தனியாகப் போய் நிற்கலாம்.